இரண்டு கையும் உயர்த்தியவர்

பார்க்டேல், ரொறன்ரோ
12.06.1994

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அம்மாவின் இடுப்பு நோ, போன கடிதத்தில் விட்ட இடத்திலேயே நிற்கிறது. உங்கள் சுகத்தைக் கொஞ்சம் நீட்டி எழுதுங்கள். "நலம்" என்று ஒரு சொல்லோடு நிறுத்தினால் முத்திரைக்கு நட்டம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணர், என் தகப்பனார், திருவாளர் இராஜரட்ணம் ஓர் உலகப்போரைத் தொடக்கிவிட்டார்.

போன மாதம் எங்கள் ஊர்ச்சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். ஒரு பக்கம் நவரட்ணம் அங்கிள். றிச்மண்ட் ஹில்லில் பெரிய வீடு, பெரிய கார், அவை இரண்டையும்விடப் பெரிய தொண்டை. மற்றப் பக்கம் மிசிசாகாவில் இருக்கிற அல்பேட் அங்கிள். மெதுவாகத்தான் கதைப்பார், ஆனால் நிறுத்தமாட்டார். கை உயர்த்தி வாக்கெடுப்பு. நவரட்ணத்துக்கு எண்ணும்போது அப்பா வலது கையை உயர்த்தினார். அல்பேட்டுக்கு எண்ணும்போது இடது கையை உயர்த்தினார். முடிவு சரிசமன். ஒரு கையை மடியில் வைத்திருந்தால் யாரோ ஒருவர் வென்றிருப்பார், சண்டையும் வந்திராது. இப்போது நவரட்ணம் அங்கிள், இடது கை செல்லாது என்கிறார். அல்பேட் அங்கிள், கடைசியாக உயர்ந்த கையே செல்லும் என்கிறார். அப்பாவைக் கேட்டால், "நான் அணிசேரா ஆள்" என்று பத்திரிகையை விரித்துக்கொள்கிறார்.

ஆகவே ஊர் இரண்டு. நவரட்ணம் தொடங்கியது ஒன்றியம். அதில் யாரும் யாரோடும் ஒன்றவில்லை. அல்பேட் வைத்துக்கொண்டது சங்கம். அதில் மிஞ்சியது சங்கடம். இரண்டு பேரும் தினமும் எங்கள் வீட்டுக்கு ஃபோன் எடுக்கிறார்கள். நான் என் சிநேகிதிகளோடு கதைக்க லைன் கிடைப்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அணிசேராமை என்ற இந்த வருத்தம் அப்பாவுக்கு எங்கே தொற்றியது? கொழும்பில் நீங்கள் இரண்டு பேரும் ஒரு மாநாட்டில் வேலை செய்ததாக அம்மா சொன்னார். விபரம் தேவை.

கோபத்துடனும் அன்புடனும்,
நிலாணி


கொட்டாஞ்சேனை, கொழும்பு
09.07.1994

அன்பு மகள் நிலாணிக்கு,

உன் கடிதம் கண்டு நானும் சித்தியும் சிரித்தோம். நீட்டி எழுதச் சொன்னாய். பிரஷர் கட்டுப்பாட்டில். காலில் பழைய நோ ஒன்று, மழைக்கு வரும், விசாரிக்க ஒன்றுமில்லை. அண்ணி இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கட்டும்.

தொற்றிய இடம் சரிதான். எழுபத்தாறாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அணிசேரா நாடுகளின் மாநாடு இங்கே நடந்தது. அண்ணர் ஆவணப் பிரிவில் தட்டச்சு. நான் வாசலில் ஒலிவாங்கியோடு நின்று கார் கூப்பிடுபவன். நாட்டின் பெயரைச் சொன்னால் அந்த நாட்டுக் கார் வந்து நிற்கும். அங்கோலாவுக்குச் சுதந்திரம் கிடைத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பெயரைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கூப்பிட்டேன். நேற்றுவரை இன்னொருவனின் கொடிக்குக் கீழே நின்ற நாடுகள், அமெரிக்காவுக்கும் பின்னால் நிற்கமாட்டோம், ரஷ்யாவுக்கும் பின்னால் நிற்கமாட்டோம் என்று சொல்லிக்கொண்டு படியிறங்கி வரும்போது, கார் கூப்பிடுகிறவனுக்கும் நெஞ்சு நிமிரும்.

அண்ணரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரே கடிதம் இரண்டு நாடுகளுக்குப் போகவேண்டும் என்றால் காபன் தாள் வைக்கமாட்டார். இரண்டையும் தனித்தனியே அடிப்பார். மங்கல் பிரதி கிடைத்த நாடு தன்னைச் சின்ன நாடு என்று நினைத்துவிடும் என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு கையை மட்டும் எப்படி உயர்த்துவார்?

அவரோடு பொறுமையாக இரு.

சித்தப்பா
பத்மநாதன்


பார்க்டேல்
20.07.1994

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் சுகம். ஊரில் பாதிப் பிள்ளைகள் சுகமில்லை. காரணத்தைக் கீழே வாசிக்கவும்.

அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டு நின்றதற்குப் பெயர் பனிப்போர் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நாங்கள் அதைப் போன ஞாயிறு ஹை பார்க்கில், தார் உருகுகிற வெயிலில் நடத்தினோம். ஒன்றியமும் சங்கமும் ஒரே நாளில், ஒரே புல்வெளியில், பக்கத்துப் பக்கத்தில் ஒன்றுகூடல் வைத்தன. அப்பா இரண்டுக்கும் நடுவில் மடக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் கதிரையின் முதுகில் "ஐக்கிய நாடுகள் சபை" என்று எழுதி ஒட்டினேன். மாலைவரை அவருக்குத் தெரியாது.

சாப்பாடு இரண்டு பக்கத்துக்கும் மாமாங்கம் அங்கிள். மட்டக்களப்பு ஆள், எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடி. ஒரே ஆள் சமைத்தால் சோற்றிலாவது யாரும் பக்கம் பிடிக்கமுடியாது என்று அவரைப் பிடித்துக் கொடுத்ததே அப்பாதான். அவர் சொன்ன நேரத்துக்கு வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஆனால் யாரும் பரிமாறவில்லை. ஏனென்று கேளுங்கள். முதலில் பரிமாறுகிற பக்கத்துச் சனம் சாப்பிட்டுவிட்டு எழும்பி மற்றப் பக்கம் போய்விடுமாம். பிறகு தலைவரின் பேச்சை யார் கேட்பது? அதனால் நவரட்ணம் அங்கிள், அவர்கள் தொடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அல்பேட் அங்கிள், இவர்கள் தொடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவைத் தூது அனுப்பினார்கள். அவரும் அங்கும் இங்கும் நடந்தார்.

கோழிக்கறி வெயிலில் கிடந்தது. மாமாங்கம் அங்கிள் அப்பாவிடம் மூன்று தரம் வந்து சொன்னார். கடைசித் தரம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது:

"அண்ணன், இதுக்கு மேல இத ஆருக்கும் குடுக்கப்படாது. நான் கொண்டுபோய்க் கொட்டப்போறன். சின்னப் பிள்ளைகள் நிக்குது."

கொட்டத் தூக்கிய சட்டியை நவரட்ணம் அங்கிள் பறித்துவைத்துத் தானே அகப்பையை எடுத்தார். அதைக் கண்ட அடுத்த நிமிடம் அந்தப் பக்கமும் அகப்பை எழுந்தது. நான் சாப்பிடவில்லை. அப்பா சமநிலை தவறக்கூடாது என்று இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கோப்பை சோறு வாங்கினார், கறி போடாமல்.

இரவு முழுக்கப் பிள்ளைகளுக்கு வாந்தி. அல்பேட் அங்கிளின் பேரனுக்கு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். இப்போது தேறிவிட்டான்.

சித்திக்கு என் முத்தம்.

நிலாணி


பார்க்டேல்
28.08.1994

சித்தப்பா,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

போன மே மாதத்துக்குப் பிறகு ஒன்றியமும் சங்கமும் முதல் முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கின்றன. பிழை முழுவதும் மாமாங்கம் அங்கிளுடையது. ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னால் தங்கள் அகப்பையும் வெளியே வருமல்லவா? ஆகவே இருவருக்கும் வசதியாக ஒரு மூன்றாம் ஆள். அவருக்கு இருந்த இரண்டு கலியாண ஓடர்களும் போய்விட்டன. சாமத்தியவீட்டு ஓடர் ஒன்று, மண்டப வாசலில் வைத்து வேண்டாம் என்றார்களாம். சமைத்தது அத்தனையும் திரும்பி வந்தது.

நவரட்ணம் அங்கிள் எங்கள் வரவேற்பறையில், எங்கள் சோபாவில் இருந்துகொண்டு சொன்னார்: "மட்டக்களப்பு ஆக்களின்ர கையில சாப்பாட்டைக் குடுத்தது எங்கட பிழை, இராஜண்ணை." நாலு நாள் கழித்து அல்பேட் அங்கிள் அதே சோபாவில் அதையே நீட்டி, மெதுவாகச் சொன்னார். அப்பா இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். ஒரே அளவு சீனி.

நான் பிறகு அவரைப் பிடித்தேன். "நீங்கள் நடுவில இருந்தனீங்கள். எல்லாம் கண்டனீங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததே நீங்கள்" என்றேன். அவர் சொன்ன பதில்: "நான் ஒரு பக்கமும் இல்லை, பிள்ளை."

மாமாங்கம் அங்கிளின் மகள் தக்ஷிகா என் வகுப்பு. லிஃப்டில் நான் ஏறினால் அவள் இறங்கிவிடுகிறாள். நேற்று இறங்க முன் ஒன்று சொன்னாள்: "உன்ர அப்பா தூரத்தில இருந்திருந்தா எனக்குக் கோவம் வந்திராது." எட்டு மாடியும் அது என்னோடு ஏறி வந்தது.

கோபத்தில் எங்கள் ஆன்சரிங் மெஷினில் புது அறிவிப்புப் பதிந்தேன். "வணக்கம், இது அணிசேரா வீடு. நீங்கள் ஒன்றியம் என்றால் ஒன்றை அமத்துங்கள். சங்கம் என்றால் இரண்டை அமத்துங்கள். மாமாங்கத்தாரைப் பற்றி உண்மை கேட்க வேண்டும் என்றால் ஃபோனை வையுங்கள், இங்கே யாரும் பேசமாட்டார்கள்." மூன்று நாள் ஓடியது. அப்பா ஏசவில்லை. தானே அழித்தார். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒன்று கேட்கிறேன். கொழும்பு மாநாட்டில் நீங்கள் இரண்டு பேரும் படித்தது இதைத்தானா, சீனியை அளந்து போடுவதை?

நிலாணி


கொட்டாஞ்சேனை
18.09.1994

அன்பு மகளுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. நாங்கள் நலம். மழை தொடங்கிவிட்டது.

அப்பாவைக் கோபிக்காதே. வாய் திறந்தவர்கள் எல்லோருக்கும் நல்லது நடந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். மாநாட்டைப் பற்றிக் கேட்டாய், எழுதினேன். அதற்கு அடுத்த வருடத்தைப் பற்றி எழுத இந்த எயார்மெயில் தாளில் இடமில்லை.

படிப்பைக் கவனி. மாமாங்கம் என்பவருக்கு என் அனுதாபத்தைச் சொல்.

சித்தப்பா


பார்க்டேல்
08.10.1994

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அனுதாபத்தைச் சொல்லமுடியாது. லிஃப்ட் பிரச்சினை இன்னும் தீரவில்லை. மற்றபடி நாங்கள் சுகம். தாளில் இடமில்லை என்றீர்கள், அந்தத் தாளில் பாதி வெறுமையாக இருந்தது. கண்டேன்.

சரித்திர வகுப்பில் எங்களை ஒரு மாநாட்டை நடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அறுபத்தொன்றில் பெல்கிரேட்டில் நடந்த முதல் அணிசேரா மாநாடு. சீட்டுக் குலுக்கி நாடு எடுத்தோம். எனக்குக் கானா. பாட்டு இல்லை, நாடு. மாநாட்டை நடத்திய நாடே இப்போது துண்டு துண்டாகிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து வந்த பெடியன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருக்கிறான். உன் நாடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறான். சீட்டில் அவனுக்கு வந்தது இலங்கை. மாற்றித் தரவா என்று கேட்டேன். வேண்டாமாம், இரண்டும் ஒன்றுதானாம்.

நூலகத்தில் தோண்டினேன். எனக்கு வந்த கோபத்தில் நூலகக்காரி என்னைப் பார்த்து விரலை வாயில் வைத்தார். சித்தப்பா, அவர்கள் சும்மா இருக்கவில்லை. அல்ஜீரியாவை விடு என்று பிரான்சின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தென்னாபிரிக்க அரசு செய்வது அநியாயம் என்று எழுத்தில் வைத்திருக்கிறார்கள். கடைசியில், போர் வரப்போகிறது, பேசித் தீருங்கள் என்று அமெரிக்கத் தலைவருக்கும் ரஷ்யத் தலைவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அதே வசனங்கள். நேற்றுத்தான் சுதந்திரம் வாங்கிய நாடுகள், வயிற்றுக்கும் காணாத நாடுகள், அவ்வளவு பெரிய இரண்டு பேருக்கு எழுதியிருக்கின்றன. என் அப்பாவால் றிச்மண்ட் ஹில்லுக்கும் மிசிசாகாவுக்கும் எழுதமுடியவில்லை.

இதை அப்படியே சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அப்பா கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "போய் உன்ர சித்தப்பாவின்ர காலைக் கேள்" என்று சொல்லி எழும்பிப் போனார்.

மழைக்கு நோகிற அந்தக் காலைத்தான் கேட்கிறேன். இந்த முறை தாள் காணாவிட்டால் இரண்டு தாள் வையுங்கள்.

நிலாணி


கொட்டாஞ்சேனை
12.11.1994

அன்பு மகள் நிலாணிக்கு,

நலம். கேட்டபடி இரண்டு தாள் வைக்கிறேன். ஒன்று போதும் என்று நினைக்கிறேன்.

மாநாடு நடந்த அடுத்த வருடம், எழுபத்தேழு ஓகஸ்டில், இங்கே தமிழர்களை அடித்தார்கள். அதே ஓகஸ்ட், அதே றோட்டுகள். மாநாட்டுக்காக ஊற்றிய தார்கூட அப்படியே இருந்தது. நானும் அண்ணரும் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தோம். எங்கள் இருவருக்கும் சிங்களம் நல்லாக வரும், ஆளைப் பார்த்தும் தமிழர் என்று தெரியாது. பஸ் ஒன்றிலிருந்து ஒருவரை இறக்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றி நிறையப் பேர் நின்றார்கள். அடித்தவர்களோடும் இல்லை, அடிவாங்கியவரோடும் இல்லை. சும்மா நின்றார்கள். அண்ணர் என் சட்டையைப் பின்னால் பிடித்திருந்தார். நான் போனேன். விடுங்கள் என்று சொன்னேன், வேறொன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. முழங்காலில் விழுந்தது இரும்புக் குழாய்.

அந்த மனிதர் தப்பிவிட்டார். ஹற்றன் பக்கம் கடை வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அண்ணர் அதன் பிறகு யாருடைய விஷயத்திலும் வாய் திறக்கவில்லை. தான் இறுக்கிப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறார். பதினேழு வருடமாக நாங்கள் இருவரும் இதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவரிடம் சொல், அவர் இறுக்கித்தான் பிடித்தார். சட்டைதான் கிழிந்தது. கிழிந்தது எனக்கு நல்லதாய்ப் போயிற்று. கால் நொந்தாலும் இரவில் நித்திரை வருகிறது.

சித்தப்பா


பார்க்டேல்
05.12.1994

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் காலுக்கு என் வணக்கம். பகிடி இல்லை.

கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடி வாசித்தார். பிறகு குளிக்கப் போனார். வெந்நீர் முடிந்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கதவைத் தட்டவேண்டாம் என்று எனக்குக் கண்காட்டினார்.

மறுநாள் கட்டிலுக்கு அடியிலிருந்து தமிழ்த் தட்டச்சு மெஷினை இழுத்து எடுத்தார். உடுப்புகளைக் கொழும்பில் விட்டுவிட்டுக் கொண்டுவந்தது என்று அம்மா இன்னும் சண்டைபிடிக்கிற அதே மெஷின். அடித்து முடித்தார், தாளை உருவினார், புதுத் தாள் வைத்து மறுபடி முதலிலிருந்து அடித்தார். காபன் வைக்கவில்லை.

நவரட்ணம் அங்கிளுக்கும் அல்பேட் அங்கிளுக்கும் போன கடிதம் இதுதான். "சாப்பாடு நேரத்துக்கு வந்தது. நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அதை வெயிலில் வைத்தீர்கள். கொடுக்கவேண்டாம் என்று மாமாங்கம் மூன்று தரம் சொன்னார். நான் கேட்டேன், உங்கள் இருவருக்கும் வந்து சொன்னேன். கொட்டப்போன சட்டியைப் பறித்தது அவர் அல்ல. பிள்ளைகளின் வருத்தத்துக்கு நீங்கள் இருவரும், தூது போன நானும் பொறுப்பு. இதே கடிதம் மற்றவருக்கும் போகிறது."

அன்று மாலைக்குள் ஃபோன் வந்தது. அல்பேட்டின் ஆளாகிவிட்டாய் என்று நவரட்ணம் அங்கிள் கத்தினார். நவரட்ணத்திடம் விலைபோய்விட்டாய் என்று அல்பேட் அங்கிள் மெதுவாக, நெடுநேரம் சொன்னார். அப்பா இருவருக்கும், "கடிதத்தில இருக்கிறதுதான்" என்று ஒரே பதில் சொன்னார்.

ஜனவரியில் இரண்டும் சேர்ந்து பொதுக்கூட்டம் வைக்கப்போகின்றன. சேர்ந்து. மாமாங்கம் அங்கிளுக்கு ஊர்ச்சனம் யாரும் ஓடர் கொடுக்கக்கூடாது என்று தீர்மானம். எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கப் பார்க்கிறது.

நிலாணி


கொட்டாஞ்சேனை
02.01.1995

மகள்,

நாங்கள் நலம். காபன் வைக்கவில்லை என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். கூட்டம் முடிந்தவுடன் எழுது.

சித்தப்பா


பார்க்டேல்
30.01.1995

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இந்த முறை சுகம் விசாரிக்க அதிக இடம் இல்லை. எல்லோரும் சுகம், நீங்களும் சுகமாக இருங்கள்.

கூட்டம் இங்கே ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில். வெளியே முழங்காலளவு பனி, உள்ளே மண்டபம் நிறையச் சனம். வாசல் மேசையில் துண்டுப்பிரசுரம் அடுக்கியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஏற்கனவே அச்சடித்துவிட்டார்கள். வாக்கெடுப்பு இன்னும் தொடங்கவில்லை, சித்தப்பா. மை காய்ந்துவிட்டது.

மாமாங்கம் அங்கிளும் தக்ஷிகாவும் கடைசி வரிசையில் இருந்தார்கள். வேறு ஊர் என்று அவருக்கும், வயது காணாது என்று எனக்கும் தக்ஷிகாவுக்கும் வாக்கு இல்லை. அவரைப் பேசவும் விடவில்லை, நேரமில்லை என்றார்கள். தலைவர்கள் இருவரும் மாறி மாறி ஒரு மணித்தியாலம் பேசினார்கள். ஆதரவானவர்கள் கை உயர்த்துங்கள் என்றார்கள். உயர்ந்தன. அந்தக் காட்டில் எனக்குத் தெரிந்த எல்லாக் கையும் இருந்தது. வாந்தி எடுத்த பிள்ளைகளின் தாய்மாரில் பாதிப் பேர் கீழே குனிந்துகொண்டுதான் உயர்த்தினார்கள்.

எதிரானவர்கள் என்று கேட்டுவிட்டுப் பதிலைப் பாராமலே நவரட்ணம் அங்கிள் தாளை மடிக்கத் தொடங்கினார். நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். வாயில் வந்த சொற்கள் தேவாலயத்துக்குப் பொருந்தாதவை.

அப்பா கை உயர்த்தினார்.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. யாரோ பின்னால், "இராஜண்ணை, மற்றக் கை எங்க?" என்று கேட்க, கொஞ்சப் பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. எண்ணுங்கள் என்றார். எண்ணவேண்டியிருந்தது. ஒன்று. பிறகு அம்மா உயர்த்தினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அதன் பிறகு, சேலைன் ஏற்றிய பெடியனின் தாய், அல்பேட் அங்கிளின் சொந்த மருமகள், மாமனாரைப் பார்க்காமல் உயர்த்தினார்.

மூன்று கை. தீர்மானம் நிறைவேறிவிட்டது. இனிப்பாக ஒன்றும் நடக்கவில்லை, நான் எழுதப்போவதும் இல்லை. மாமாங்கம் அங்கிளுக்கு இந்த மாதம் முழுக்க ஒரே ஓடர், அதுவும் எங்கள் வீட்டுப் பொங்கல் சாப்பாடு. ஆனால் ஏகமனது போய்விட்டது. அத்தனை பிரசுரத்திலும் அந்தச் சொல்லைத் தலைவர்கள் பேனாவால் வெட்டவேண்டி வந்தது. அவர்கள் வெட்ட மறந்தவையெல்லாம் தமிழ்க் கடைகளில் இருந்தன. நானும் கறுப்பு மார்க்கரும் போய்வந்தோம். தக்ஷிகா கடைவாசலில் காவல் நின்றாள். "உன்ர கோடு கோணல்" என்றாள். ஐந்து மாதத்தில் அவள் என்னோடு கதைத்த முதல் சொற்கள்.

அப்பாவின் மற்றக் கை எங்கே இருந்தது என்று நீங்களும் கேட்பீர்கள். எழும்பி மேடைக்குப் போகப்போன என் சுவெற்றரைப் பின்னால் பிடித்திருந்தது. முதலில் இறுக்கி. பிறகு, மூன்றாவது கையும் உயர்ந்ததைக் கண்ட பிறகு, அவராகவே விட்டார்.

கிழியவில்லை, சித்தப்பா. நான் எழும்பினேன்.

அன்புடன்,
நிலாணி